மூன்று தடவை எண்ணப்பட்ட ஜனின்

நவம்பர் 17, திங்கள்

அன்பு மகள் ஜனினுக்கு,

ஆகஸ்டில் உன்னை வேலையை விட்டு அனுப்பிய பல்கலைக்கழகம், அக்டோபரில் உன்னை மூன்று ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. நலம் விசாரிப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நானும் உன் அம்மாவும் சுகம். முழங்கால் வலி அப்படியேதான். அரிசோனா வெயில் உனக்குப் பழகியிருக்கும். இங்கே சென்ற வாரமே முதல் பனி விழுந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தில் நாள் முழுதும் தொலைபேசியில் பேசித் தொண்டை கட்டுகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. வெந்நீரில் தேன் விட்டுக் குடி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்க, பத்து வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து வரும் குழு இந்த மாதம் வந்தது. அதற்காகப் பல்கலைக்கழகம் தயாரித்த அறிக்கையை ஊர் நூலகத்தில் வைத்திருந்தார்கள். நான் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். 'வளர்ந்துவரும் நம் ஆசிரியர் குடும்பம்' என்று ஒரு தலைப்பு. ஐந்நூற்று முப்பது பேர் என்று எழுதிப் பின்னால் பெயர்ப் பட்டியலும் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத் துறையில் ஜனின் டைக்ஸ்ட்ரா. வணிகத் துறையில் ஜே. டைக்ஸ்ட்ரா. செவிலியர் துறையில் ஜனின் எம். டைக்ஸ்ட்ரா. மூன்று துறையிலும் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தது நீ ஒருத்திதான். குடும்பமாம். வகுப்புகள் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு வரி மின்னஞ்சலில் மகளை வெளியே அனுப்புகிற குடும்பம்.

முப்பத்தாறு வருடம் அங்கே பூட்டும் சாவியும் என் கையில்தான் இருந்தன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் எந்த அறையில் யார் உட்கார்ந்தார், அவர் போன பிறகு யார் வந்தார் என்பது என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. ஆசிரியர் ஓய்வு பெறும் நாளில் நடைக்கூடத்தில் கேக் வெட்டுவார்கள். மறுநாள் காலை நான் போய்ப் பூட்டை மாற்றுவேன். முதல் பதினைந்து வருடம் அந்தப் புதிய சாவியை ஓர் ஆசிரியரிடம் கொடுத்தேன். பிறகு துணை இயக்குநர், இணைத் துணை இயக்குநர், மாணவர் அனுபவ ஒருங்கிணைப்பாளர் என்று நிர்வாகத்து ஆட்கள் யார் யாரோ வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். கேக் மட்டும் அதே கடையிலிருந்துதான் வந்தது.

1979இல் ஆசிரியருக்கென்று தனிச் சாவி கொடுத்த அறைகள் முந்நூற்று எண்பத்தெட்டு. நான் ஓய்வு பெற்ற 2015இல் நூற்று எழுபத்தொன்று. இப்போது நூற்று நாற்பதுகூடத் தேறாது என்று என் இடத்தில் வேலை பார்க்கும் லைல் சொல்கிறான். மாணவர்கள் அன்றும் ஏழாயிரம், இன்றும் ஏழாயிரம். நம் ஊரில் மட்டும்தான் இப்படியோ என்று அரசாங்கப் புள்ளிவிவரப் புத்தகங்களை வரவழைத்துப் பார்த்தேன். 1970இல் இந்த நாட்டில் கல்லூரி ஆசிரியர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் முழுநேரம். இன்று பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மொத்தத் தலைகள் கூடியிருக்கின்றன, உண்மை. ஆனால் ஒரு முழு ஆளை நாலாக நறுக்கி, நாலு தலை என்று எண்ணினால் கூடத்தானே செய்யும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பருவத்துக்குப் பருவம் ஆள் பிடிப்பது பெருகிக் கிடக்கிறது. பணக்கார நாடுகள் என்று பெயர்.

போன வியாழக்கிழமை அந்தக் குழு பொதுமக்கள் கூட்டம் நடத்தியது. யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிடம் பேசலாம் என்பது வழக்கம். வழக்கமாக யாரும் போவதில்லை. நான் கிளம்பியபோது உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "சாவி வெட்டுனவருக்கு எதுக்கு இந்த வேலை? அவ பேரைச் சொல்லி நீங்க சண்டைக்குப் போறது அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க" என்றாள். கேட்டால் நீ வேண்டாம் என்பாய். அதனால் கேட்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

என் பழைய பதிவேட்டிலிருந்து எண்களைப் படித்தேன். பிறகு உன் பெயர் இருக்கும் மூன்று பக்கங்களையும் படித்தேன். பல்கலைக்கழகத்தின் டீன் லாண்டிஸ் புன்னகை மாறாமல் எழுந்து, "மிஸ்டர் டைக்ஸ்ட்ரா, நீங்க பூட்டு சாவி பார்த்தவரு. ரூம் இருந்தாத்தான் வாத்தியார்னு நினைக்கிறீங்க. காலம் மாறிடுச்சுங்க" என்றார். "சரிங்க, ரூம் வேணாம். ஐந்நூத்தி முப்பது பேருக்கும் நாற்காலி எங்க கிடக்கு, அதையாவது காட்டுங்க" என்றேன். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். யாரென்று பார்த்தால் எல்லாரும் உன்னைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்கள். நான் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட எழுந்து பேசவில்லை. அவர்கள்மேல் கோபப்பட எனக்கு அருகதை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1996இல் முதன்முதலாகப் பகுதிநேர ஆசிரியர்களுக்கென்று ஓர் அறைக்கு எட்டுச் சாவி வெட்டச் சொன்னார்கள். எண் 214. உள்ளே நாலு மேசை. எட்டுப் பேர் எப்படி உட்காருவார்கள் என்று நான் கேட்கவில்லை. மதியத்துக்குள் எட்டையும் வெட்டி முடித்துவிட்டேன் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். 2010இல் அதே அறைக்கு இருபத்து மூன்றாவது சாவி வெட்டினேன். அது உனக்கு. புது வளையத்தில் கோத்துக் கொடுத்தேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் என்று தேவாலயத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பதினைந்து வருடம் நீ காரின் பின் இருக்கையில் வைத்துத்தான் விடைத்தாள் திருத்தினாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவர்களை நினைத்தால் வருகிற அருவருப்பு, அந்தச் சாவியை நினைத்தால் என்மேலும் வருகிறது.

கூட்டம் முடிந்ததும் லாண்டிஸ் வாகன நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தார். "ஜனவரில ஜனினுக்கு ரெண்டு வகுப்பு குடுக்கலாம்னு அவங்ககிட்ட பேசிட்டிருந்தோமே, உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் அம்மா ஒப்புக்கொண்டாள். திரும்பி வரலாமென்று நீ ஆசையோடு இருந்தாயாம். முடிவாகட்டும், அப்பாவிடம் பிறகு சொல்லலாம் என்றாயாம். "இப்ப இது கொஞ்சம் சங்கடமாயிடுச்சு பாருங்க" என்று லாண்டிஸ் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தச் சட்டையை அன்றே துவைக்கப் போட்டுவிட்டேன்.

குழுத் தலைவி முனைவர் சொரென்சன், நெப்ராஸ்காக்காரர், மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல பெண்மணி, ஆனால் விதியை விட்டு நகராதவர். "உங்க நம்பரெல்லாம் எனக்கு உபயோகமா இருக்கு ஐயா. ஆனா இந்தப் பேரு விஷயத்துல அப்பா சொல்றதை நான் எழுத முடியாது. உங்க மகளே கையெழுத்துப் போட்டுச் சொல்லணும். டிசம்பர் பத்துக்குள்ள வரலேன்னா பல்கலைக்கழகம் குடுத்த கணக்குதான் நிக்கும்" என்றார். அந்தப் படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். நான் எதையும் நிரப்பவில்லை.

ஆக, கையெழுத்துப் போட்டால் அந்த இரண்டு வகுப்புகள் போய்விடும். அந்த வாசலே உனக்கு மூடிவிடும். போடாவிட்டால் நீ மூன்று ஆளாக அந்தப் பட்டியலில் இருப்பாய், ஒருவேளை ஜனவரியில் கால் ஆளாக வகுப்பிலும் இருப்பாய். உன்னிடம் கேட்காமல் உன்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது நான். நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன். லாண்டிஸிடம் வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதுங்கள் என்று உன் அம்மா மூன்று நாளாகச் சொல்கிறாள். அந்த ஆளுக்கு எழுத என்னிடம் மை இல்லை. ஆனால் இரவில் நீ தொலைபேசியை எடுக்காமல் இருக்கும்போது, நான் சொன்னது சரிதானே என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி ஆக வேண்டியவை இவை. சொரென்சன் அறிக்கையை மூடி வைத்துவிட்டு நடைக்கூடங்களில் நடந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, யார் திறக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். லைல் இன்றைய சாவிப் பதிவேட்டை அவரிடம் காட்ட வேண்டும். பயப்படுகிறான், நான் கூடப் போவேன். லாண்டிஸ் உன் பெயரை மூன்று இடத்திலும் அடிக்க வேண்டும், இல்லையென்றால் முழுநேர வேலை கொடுத்து ஓரிடத்தில் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேறொன்று கிடையாது. பல்கலைக்கழக ஆட்சிக்குழு, ஓய்வு பெற்றவர்களின் இடங்களை ஆசிரியர்களைக் கொண்டே நிரப்ப வேண்டும். பின்வரிசையில் சிரித்தவர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். அம்மா எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டு, என் முன்னாலேயே செய்ய வேண்டும்.

நீ படிவத்தைப் படிக்க வேண்டும். கையெழுத்துப் போடலாம், கிழித்தும் போடலாம். அது உன் கை. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுத வேண்டும், எத்தனை பக்கமானாலும் சரி. கிறிஸ்துமஸுக்கு நீ எந்த விமானத்தில் வருகிறாய் என்பதை அதன் கடைசி வரியில் எழுது. பனி எவ்வளவு விழுந்தாலும் நான் வந்து நிற்பேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
எம்மெட் டைக்ஸ்ட்ரா