சுருட்டைவால்

ஸ்கேர்னஸ் துறைமுகம்,
மார்ச் 9, 1953.

அன்புள்ள மைசிக்கு,

உன் மாமியார் எல்ஸ்பெத் எழுதுவது. கனடாவில் நீயும் கேவினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான்கு வாரமாக ஒரே டிரீக். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, நசநசவென்று ஈரம். துவைத்த துணி காய்வதே இல்லை.

மாமாவுக்கு ஜனவரியில் வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது, அதுதான் தொல்லை. ஓட்ஸ் கஞ்சியில் உப்பு போதவில்லை என்று தினமும் சண்டை. படகு கட்டியே கிடக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விலைக்குக் கேட்கிறார், ஏப்ரலுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கேவின் வந்து எடுத்து நடத்தினால்தான் அது நம்மிடம் நிற்கும். பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று மாமாவிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். அவர் த்ரான், சரியான வீம்புக்காரர். கேவினும் அதே ரத்தம். காற்றில் முறுக்கி வளர்ந்த மரம் மாதிரி, ஒடித்தாலும் நிமிராது. எனக்கு அலுத்துப்போய்விட்டது, மைசி.

அந்தக் காலையை நான் மறக்கவில்லை. நீ கல்யாணமாகி வந்து பத்து நாள். படகு புறப்படும் நேரத்தில் ஓடி வந்து, அப்பா வீட்டுப் பன்றி பன்னிரண்டு குட்டி போட்டதைச் சந்தோஷமாகக் கத்திச் சொன்னாய். கடலுக்குப் போகிறவர்கள் காதில் அந்தப் பெயர் விழக் கூடாது, சுருட்டைவால் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது பண்ணையில் வளர்ந்த உனக்கு எப்படித் தெரியும்? சொல்லி வைத்திருக்க வேண்டியவள் நான். படகிலிருந்த ஆறு பேரும் அபசகுனம் கழியப் பாய்ந்து இரும்பைத் தொட்டார்கள். மாமா படகைத் திரும்பக் கட்டிவிட்டு, "பண்ணைச் சேத்தோட வந்தவ, இனிமே துறைப்பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது" என்று ஊரே கேட்கக் கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் வாய் திறக்கவில்லை. என் கையும் அப்போது படகு கட்டும் இரும்பு வளையத்தில்தான் இருந்தது. அந்த மாதமே நீங்கள் கப்பல் ஏறினீர்கள். மூன்று வருடமாக அதற்கு வெட்கப்படுகிறேன்.

சனிக்கிழமை படகுகள் வந்து மீன்பெட்டி இறக்கும்போது மாமா கைத்தடியோடு துறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நம் பழைய படகாள் டாட் அங்கே நின்றிருந்தான். அவனிடம், "நம்ம மைசி அன்னைக்கு எத்தனை குட்டின்னு சொல்லுச்சு?" என்று கேட்டார். எது என்றான் டாட். "பன்னிதான்யா. பன்னி!" என்றார் உரக்க. எல்லோரும் இரும்பைத் தேடி ஓடினார்கள். "வாட்டி, வாதம் மூளைக்கும் ஏறிடுச்சா?" என்று டாட் மாமாவைப் பெயர் சொல்லிக் கத்தினான். வளையம் மாமாவின் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, நல்ல கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், "நடந்ததை அவளுக்கு எழுது. நான் கூப்பிட்டேன்னு மட்டும் எழுதாதே" என்றார்.

ஆகவே அவர் கூப்பிடவில்லை, மகளே. நான் கூப்பிடுகிறேன். ஏப்ரலுக்குள் கேவினை அழைத்துக்கொண்டு வா. வந்து இறங்கும்போது எந்தப் பெயரை வேண்டுமானாலும் வாய்நிறையச் சொல். இந்தத் தடவை என் இரண்டு கையும் உன்னைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

கடவுள் உங்களைக் கரை சேர்க்கட்டும்.

உன் அத்தை,
எல்ஸ்பெத்