யூசோப்பின் மதியச் சோறு

ஜனவரி 26, திங்கள்
காலையிலிருந்து மழை. கணக்குப் பரீட்சை சுமார். சவர்க்காரம் வாங்க வேண்டும்.

ரயிலடிச் சரக்குக் கொட்டகையில் அதே தோட்டத்துக் குடும்பங்கள். சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ஆட்குறைப்பு. குடியிருந்த லயத்து வீடுகளை விட்டு இறக்கிவிட்டார்கள். ஊருக்குக் கப்பல் எப்போது, யாரும் சொல்வதில்லை. மருதாயிக்குக் கைக்குழந்தை. பால் வற்றிவிட்டது. புருஷன் காய்ச்சலில்.

எங்கள் ஏற்பாடு இதுவரை தடையில்லை. அறைத்தோழன் யூசோப்புக்கு நோன்பு மாதம், எனக்குத் தைப்பூச விரதம். மதியம் இருவரும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் விடுதிச் சமையல்காரர் எங்கள் பங்கையும் வடிக்கிறார். அதுதான் தூக்குச்சட்டியில் கொட்டகைக்குப் போகிறது. சூசையும் சேர்ந்துவிட்டான். தவக்காலம் இன்னும் வரவில்லையே என்றேன். “கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன் லா. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு.” பசி தாங்காத தடியன்!

“சாமிக்கு விட்ட சோறா தம்பி?” மருதாயி கேட்டாள்.
“ஆமாங்கக்கா, மூணு பேரு சாமிக்கும்.”
சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஜன. 28, புதன்
வார்டன் கண்டுபிடித்துவிட்டார். “சாப்பிடாதவனுக்குச் சோறு எதுக்கு? இது காலேஜா, கூலிச் சத்திரமா?” விரதக்காரர் பங்கு அரிசி இனி உலையில் விழாது. நாங்கள் பட்டினி கிடந்தால் லாபம் விடுதிக்குத்தான்.

விரதத்தை விட்டுவிட்டேன் என்றேன். சூசையும் அப்படியே. முருகா, மன்னித்துக்கொள். அந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை பார்த்தார்.

கொட்டகைக்கு வெறுங்கையோடு. குழந்தை அழக்கூட இல்லை. என்ன செய்வது? பயமாக இருக்கிறது.

ஜன. 29, வியாழன்
மழை விட்டது. சட்டை இன்னும் காயவில்லை.

யூசோப் வார்டனிடம் போய், தனக்கு இந்த வருஷம் நோன்பு இல்லை என்றான். சாப்பாட்டுக் கூடமே கேட்டது. நோன்பாளிகள் எதிரில் சாப்பிடுவது மரியாதையில்லை, அறைக்குக் கொண்டுபோகிறேன் என்றான். வார்டனால் மறுக்க முடியவில்லை.

அவன் நோன்பை விடவில்லை. தண்ணீர்கூடத் தொடவில்லை. சோறு அப்படியே மருதாயிக்கு.

நான் திரும்பியதும் முதல் கேள்வி: “அக்கா மாக்கான் சுடா? சாப்பிட்டாங்களா?”
சுடா என்றேன். கொஞ்சம் பால் சுரந்தது என்று அவளே சொன்னதையும் சொன்னேன்.

ஜன. 30, வெள்ளி
மலாய்ப் பையன்கள் யூ.வோடு பேசுவதில்லை. நோன்பு திறக்கும் பந்தியில் அவனுக்கு இடம் விடவில்லை. விடியலுக்கு முன் சாப்பிட அவனை எழுப்பவும் இல்லை. அவன் அப்பா பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர். வீட்டுப் பக்கம் வராதே என்று ஆள் அனுப்பிவிட்டார்.

“நான் அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடுறேன்டா,” என்றேன்.
“சொன்னா நாளைக்கு நாசி இல்ல, சோறு இல்ல. அந்தக் குழந்தை?”
வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அவன் தோளைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை.

ஜன. 31, சனி
நல்ல வெயில். சூசைக்குச் சளி.

மதியம் சட்டியோடு போனேன். கொட்டகையில் ஈ காக்கை இல்லை. காலையிலேயே லாரியில் ஏற்றிப் போய்விட்டார்களாம். கப்பலுக்கா, வேறு தோட்டத்துக்கா? காவல்காரர்: “யாருக்குத் தெரியும் தம்பி? ஏறச் சொன்னாங்க, ஏறுனாங்க.” குழந்தை உயிரோடு இருந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எங்கெங்கோ சுற்றினேன். திரும்பும்போது பாங்கு. யூ. குழாயடியில் தனியாக. ஒரு பேரீச்சம்பழம், ஒரு குவளை தண்ணீர். நேற்று ராத்திரிக்குப் பிறகு வயிற்றுக்கு அதுதான்.

“அக்கா மாக்கான் சுடா?”
“சுடா,” என்றேன். “முழுசும்.”

முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. சட்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் அவன் சோறு, தொடாமல். பசியோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறான், கொடுக்க முடியவில்லை.