சம்பந்தியம்மா கொண்டுவந்த மீன் ஈரல்

ஞாயிறு, இரவு.

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கென்று அவள் மாமியார் இன்று மீன் ஈரல் குழம்பு கொண்டுவந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈரலை எடுத்துவைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். மீனோ, தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஆற்றின் முகத்துவாரத்தில் பிடித்தது.

மீனின் ஈரல் பெரிய உழைப்பாளி. எண்ணெயில் கரையும் நஞ்சை நீரில் கரைவதாக மாற்றிப் பித்தத்தோடு வெளியே அனுப்பும். சில நஞ்சுகள் அந்த மாற்றத்தின் நடுவில் முன்பைவிடக் கொடியவையாகிவிடும். சில மாறாமல் அங்கேயே தங்கிவிடும். எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான்.

"சுங்கை செம்பிலாங் படகுத்துறைல விடியக்காலைலயே போய் நின்னு வாங்கினேன் அண்ணே. புள்ளைக்கு ரத்தம் ஊறும் லா," என்றார் சம்பந்தியம்மா.

அந்த முகத்தைப் பார்த்து வேதியியல் பேச எனக்கு வாய் வரவில்லை. மகளோ சாப்பிடக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் கிண்ணத்தை என் பக்கம் இழுத்து முழுவதையும் தின்று தீர்த்தேன்.

"அப்பா, வெக்கமா இல்ல?" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா முகம் மலர்ந்தார். "அண்ணனுக்கு இவ்ளோ புடிக்கும்னு தெரியாம போச்சே! அடுத்த வாரம் ரெண்டு சட்டி கொண்டாறேன்."

அதற்குள் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. என் ஈரலுக்கு இன்றிரவு ஓவர்டைம்.