வெள்ளை நூல் கட்டி நடந்தவள்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பிரஷர் மாத்திரை 7.10க்கு. பத்து நிமிடம் தாமதம். காரணம் மருமகள்.

அமலா காபி டம்ளரை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்: "அத்தை, நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன். பதினஞ்சாம் தேதி பூசை முடிஞ்சு கோயில் குழுவோட கெளம்பறோம். ஆபீஸ்ல லீவு சொல்லிட்டேன்."

கேட்கவில்லை, சொன்னாள். அதுவும் லீவு வாங்கிய பிறகு.

பெங்களூரிலிருந்து வேளாங்கண்ணி நானூறு கிலோமீட்டருக்கு மேல். இவளுக்கு நாற்பத்து நான்கு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை. கம்பெனி கேப் வாசலுக்கு வராமல் தெருமுனையில் நின்றாலே முகம் சுருங்கும். இவள் நடக்கிறாளாம்.

"எதுக்கு?" என்றேன்.

"போகணும்னு தோணுது."

முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவள் நான். பதிலுக்கு முன் எவ்வளவு நேரம் மௌனம் என்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். இவளுடையது மிக நீளம்.

ஆரோக்கிய மாதா இங்கே சிவாஜிநகரிலும் இருக்கிறாள். ஆட்டோவில் இருபது நிமிடம்.

வின்சென்ட் போய் ஒரு வருடம் நான்கு மாதம். இப்போது இந்த வீட்டில் இரண்டே பேர். அவன் அம்மா, அவன் மனைவி. அவள் போனால் ஒருத்தி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. தலையணை உறை மாற்றினேன்.

அமலா நடக்கக் காரணங்கள்:

1. ஆண். குழுத்தலைவர் அந்தோணி, நீலசந்திராவில் பிளம்பர். அறுபது இருக்கும், முன்பல் இரண்டு இல்லை. அவர் பெயரை அடித்துவிடலாம். மற்றவர்களைப் பார்க்க வேண்டும்.
2. வேலை போய்விட்டது. இல்லை, கேப் வருகிறது.
3. நோய், மறைக்கிறாள். குப்பைக்கூடையில் மருந்துச் சீட்டு எதுவும் இல்லை. (பார்த்தேன்.)
4. எடை குறைக்க.
5. என்னிடமிருந்து இரண்டு வாரம் விடுதலை.

ஐந்தாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். மற்ற நான்கையும்விட அதுதான் பொருந்துகிறது.

மாலை அந்தோணியே வந்தார். அவசரத்துக்கு வீட்டு நம்பர் வேண்டுமாம். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எத்தனை வருடமாக நடக்கிறீர்கள்?

"பதினேழு வருசம் மேடம்."

"என்ன வேண்டுதல்?"

"பொண்ணுக்குப் பேச்சு வரணும்னு."

"வந்ததா?"

"இல்ல மேடம்."

"பிறகு எதற்கு நடக்கிறீர்கள்?"

தலையைச் சொறிந்தார். "நிறுத்துனா பொண்ணுகிட்ட கோச்சுக்கின மாதிரி ஆயிடும் மேடம்."

இது ஒரு காரணமா? ஆனால் மௌனம் இல்லாமல் வந்த பதில். டீ கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை. முட்டி வலி. ஆனாலும் கோயிலுக்குப் போனேன். காவித் துணி மந்திரிக்கும் ஜெபம் ஆறு மணிக்கு என்று நோட்டீஸ், தொடங்கியது ஆறரைக்கு. எங்கள் கான்வென்ட் மதர் இருந்திருந்தால் பாதிரியாரையே வெளியே நிறுத்தியிருப்பார்.

முப்பது பேர் இருக்கும். பெயின்டர், தையற்காரி, பீன்யா பாக்டரி ஆட்கள் நான்கைந்து. பக்கத்தில் நின்ற மீன்காரியிடம் நடந்து என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். "ஆன்ட்டி, பதிமூணு நாளு சோறு வடிக்க வேணாம். எவனும் தண்ணி கொண்டா, துண்டு கொண்டான்னு கூப்பிட மாட்டான். வழியெல்லாம் சனங்க மோரு குடுத்து என்னியக் கும்புடுவாங்க. என்னிய!" சிரித்தாள். இவளையாவது நம்பலாம்.

அந்தோணி குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மந்திரித்த பிறகு ஒவ்வொருவர் கையிலும் நூல் கட்டுவார். வேண்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சிவப்பு. கேட்டது கிடைத்து, நன்றி சொல்லப் போகிறவர்களுக்கு வெள்ளை.

அமலா கையை நீட்டினாள். அந்தோணி அவள் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள்.

வெள்ளை நூல் கட்டினார்.

என் மகனுக்கு வயிற்றில் புற்று. ஆறு மாதம் கிடந்து போனான். இவள் நன்றி சொல்லப் போகிறாள்.

எதிர்வீட்டு பிலோமினாவும் பார்த்துவிட்டாள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே: "உங்க மருமகளுக்கு மாதா இன்னா குடுத்தாங்களாம்? எங்களுக்கும் சொல்லக்கூடாதா?"

"குடும்பத்துக்குப் பொதுவான நன்றி," என்றேன். அப்படி ஒன்று கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பூசைக்குப் பின் கிளம்பினார்கள். காவிப் புடவை, அவளுக்குச் சற்றும் பொருந்தாத நிறம். முன்னால் சின்னத் தேரில் மாதா, குடை போல பிளாஸ்டிக் உறை. "மரியே வாழ்க!" மூன்று முறை.

அமலா என் முன் குனிந்தாள். நெற்றியில் சிலுவை போட்டேன். விரல் அவள் மேல் பட்டதா என்று எனக்கே தெரியாது.

இரவுக்கு ஒருத்திக்கு மட்டும் ரசம். உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒசூர் தாண்டியாயிற்றாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலத்துக்குக் கீழே நடக்கும்போது அவள் ஆபீஸ் கேப் ஒன்று பக்கத்தில் நின்றதாம், உள்ளே இருந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லையாம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல். பெருமைப்பட என்ன இருக்கிறது?

"உனக்கு அதில என்னதான் கிடைக்குது?"

"இதுவரைக்கும் கொப்புளம்தான் அத்தை."

மாத்திரை போட்டீர்களா, மாடிக் கதவைப் பூட்டினீர்களா என்றாள். பூட்டினேன். நூலைப் பற்றிக் கேட்கவில்லை. போனில் கேட்டால் கேள்வி சிறுத்துப்போகும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பால்காரர் இன்றும் இரண்டு பாக்கெட் போட்டுவிட்டார். திருப்பிக் கொடுத்தேன்.

மனம் அங்கேயே போகிறது. கிடைத்ததற்கு நன்றி என்றால் ஏதோ கேட்டிருக்கிறாள். என்ன? சம்பள உயர்வா? அதற்கு யார் நடக்கிறார்கள்.

வின்சென்ட்டின் கடைசி நாள் சாயங்காலம். ஆஸ்பத்திரி அறையில் இவள்தான் கட்டிலருகே, கையில் ஜெபமாலை. நான் சேப்பலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது முடிந்திருந்தது. இவள் கண்ணில் நீர் இல்லை. கால் விரல்களை நேராக்கி, போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே என் மனத்தில் குத்தியது.

பிலோமினா கொழுக்கட்டை கொண்டுவந்தாள். வேவு பார்க்கத்தான். மாவு வேகவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாலை நான்கு மணிக்குப் போன். திருவண்ணாமலை பக்கம், சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"அந்த வெள்ளை நூல் எதுக்கு?" நேராகவே கேட்டேன்.

லாரி போகும் சத்தம். இன்னொரு லாரி.

"கடைசி நாள் நீங்க சேப்பலுக்குப் போனீங்க இல்ல அத்தை. அப்ப அவரு ரொம்பத் துடிச்சாரு. ஊசி போட்டும் அடங்கல. நான் மாதாகிட்ட, போதும், கூட்டிக்கோங்கன்னு கேட்டேன். கூட்டிக்கிட்டா நடந்து வந்து நன்றி சொல்றேன்னு கேட்டேன். அரை மணி நேரத்துல போயிட்டாரு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"போன வருஷமே வந்திருக்கணும். தைரியம் வரல."

"என் பிள்ளையைக் கொண்டுபோன்னு கேட்டியா நீ?"

"ஆமா அத்தை."

அந்த 'ஆமா'வுக்கு முன் மௌனமே இல்லை.

வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எதுவும் செய்யவில்லை. செடிக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

நன்றி சொல்ல நானூறு கிலோமீட்டர் நடக்கிறாள். என்னிடம் சொல்ல ஹாலிலிருந்து என் அறைவரை நடக்க முடியவில்லை. பதினொரு அடி.

ஒரே கட்டில், ஒரே சாயங்காலம். பெற்றவள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். மாதா இவள் பக்கம் சாய்ந்தாளாம்.

போன் ஆறு முறை. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. யாராவது கேட்டால் முட்டி வலி.

பதினோரு மணிக்கு அந்தோணியின் போன். "மேடம், உங்க மருமக கால் ரெண்டும் பொத்துப்போச்சு. சாமான் வண்டியில ஏறும்மான்னா ஏற மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்."

"நான் சொல்லிக் கேட்கிற ஆளா அவள்?"

"கேக்கும் மேடம். சும்மா சும்மா போன எடுத்துப் பாத்துக்கினே நடக்குது. பக்கத்துலதான் இருக்கு, குடுக்கவா?"

"அடுப்பில் பால் இருக்கிறது," என்றேன். "டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்."

அடுப்பில் பால் இல்லை.

நெய்வேலியில் கட்டுப் போட்டார்களாம். மாலையில் அந்தோணியிடமிருந்து குறுஞ்செய்தி. மறுபடியும் நடக்கிறாளாம். சொன்ன சொல்லுக்காக இப்படி ஒருத்தி காலைக் கிழித்துக்கொள்வதை என்னவென்பது? வீம்பு. எனக்குத் தெரிந்த வீம்புதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை.

அமலாவிடமிருந்து வாட்ஸ்அப். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"அத்தை, கொடியேத்தம் முடிஞ்சதும் கோலார் தங்கவயல் போறேன், அக்கா வீட்டுக்கு. நான் பண்ணது தப்புன்னு எனக்குத் தோணல. ஆனா அதைத் தெரிஞ்சுகிட்டு நீங்க என்கூட ஒரே வீட்ல இருக்கணும்னு நான் சொல்ல முடியாது. நீங்க கூப்பிட்டா வர்றேன். கூப்பிடலேன்னா துணிமணிய அக்கா பையனை விட்டு எடுத்துக்கறேன்."

எழுத்துப்பிழை இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மூன்று முறை படித்தேன்.

பிலோமினா வாசலில் நின்று: "மருமக எப்ப வருது?"

"வருவாள்."

"திரும்பி வருது இல்ல?"

கதவைச் சாத்தினேன். மரியாதையில்லைதான்.

ஆகஸ்ட் 27, புதன்

இதை ஒரு முறை எழுதிவிட வேண்டும்.

அன்று நான் சேப்பலுக்குப் போகவில்லை.

அவன் முனகலைக் கேட்க முடியவில்லை. முப்பத்தொரு வருடம் ஹெட்போன் மாட்டி ஊரார் அழுகையெல்லாம் கேட்ட காது. பெற்ற பிள்ளையுடையதைக் கேட்க முடியவில்லை. ஜெபம் செய்துவிட்டு வருகிறேன் என்று அமலாவிடம் சொன்னேன். லிப்டில் இறங்கினேன். சேப்பல் வாசல்வரை போனேன், செருப்பைக்கூடக் கழற்றினேன். அப்புறம் தோன்றியது: கேட்டு, மாதா இல்லை என்று சொல்லிவிட்டால்? நான் யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. முதல் முறை கேட்டதே குறைவு.

செருப்பை மாட்டிக்கொண்டு காண்டீனுக்குப் போனேன். இரண்டு இட்லி. பசித்தது, அதுதான் உண்மை. சட்னி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

திரும்பி மேலே வந்தபோது என் பிள்ளை இல்லை.

பாதிரியாரிடமிருந்து பிலோமினா வரை எல்லோருக்கும் நான் முழங்காலில் இருந்தேன் என்றுதான் கணக்கு. போன வாரம் இந்த நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன், யாரும் பார்க்காத இடத்தில்.

ஆகவே பெற்றவள் ஒரு பக்கம் என்பது பொய். அன்று மாதாவிடம் அவனுக்காகப் பேசியவள் ஒருத்திதான். நான் எதையும் கேட்கவில்லை.

அவள் கேட்டது சரியா? இன்னும் தெரியவில்லை. நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் நானாக இருந்தால் அறையிலேயே இருந்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அந்தோணி குறுஞ்செய்தி: எல்லோரும் வேளாங்கண்ணி வந்து சேர்ந்தாயிற்று. உங்கள் மருமகள் கடைசி வரை வண்டி ஏறவில்லை, கடைசி இரண்டு கிலோமீட்டர் செருப்பில்லாமல் மணலில் நடந்தாள்.

என்ன பதில் போடுவது என்று தெரியாமல் "நன்றி" என்று போட்டேன். போட்ட பிறகுதான் அந்தச் சொல்லைப் பார்த்தேன்.

அவள் அறையைக் கூட்டினேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. இன்று அது பெரிய காரியம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நல்ல வெயில். போர்வை இரண்டையும் காயப் போட்டேன்.

காலையிலிருந்து செய்தி அடித்து அழித்து. முதலில், "வந்து உன் சாமான்களைச் சரிபார்த்துக்கொள்." அழித்தேன். "வருவதும் வராததும் உன் இஷ்டம்." அழித்தேன். "நடந்ததை மறந்துவிடலாம்." பொய், அழித்தேன்.

மூன்றரைக்கு அனுப்பியது:

"வீட்டுக்கு வா. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது போகும் என்று சொல்ல மாட்டேன். அன்று நான் சேப்பலில் இல்லை, காண்டீனில் இருந்தேன். அந்த அரை மணி நேரம் வின்சென்ட் என்ன சொன்னான், யாரைக் கூப்பிட்டான் என்று உன்னிடம் இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கிறேன். எனக்குச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நான்கு மணிக்கு அடித்தது. பின்னால் மேளம், கூட்டம், ஒலிபெருக்கியில் யாரோ காணாமல் போன குழந்தையின் பெயர். அவள் "அத்தை" என்றாள்.

"நின்னுக்கிட்டா இருக்க?" என்றேன்.

"ஆமா."

"முதல்ல எங்கேயாவது உட்காரு."

உட்கார்ந்தாள்.

"உங்களைத்தான் அத்தை கூப்பிட்டாரு," என்றாள்.