குளிருக்கு ஒரு மெத்தை

மாப்பிள்ளை,

நேற்று உங்கள் மகளுக்குப் படுக்கை வாங்க மதுரையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் கோரைப்பாய்க் கட்டை அவிழ்த்தார். அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதும், உங்களுக்குக் கல்யாணமான புதிதில் பழனியிலிருந்து மலைமேல் செண்பகனூருக்கு நீங்கள் எனக்குப் போட்ட கார்டு கண்முன் வந்து நின்றது. "உங்க தங்கச்சி தூங்கி நாளாச்சு மச்சான். குளிருக்கு நல்ல மெத்தையா ஒண்ணு கொண்டாங்க."

எழுபதுகளின் கடைசி, சித்திரை மாதம். மெத்தை விஷயத்தில் அன்றைக்கு மலையில் எனக்கு நிகர் கிடையாது. கோடைக்கு வரும் துரைமார்களே என்னைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பார்கள். 'குளிருக்கு' என்றால் மலையில் ஒரே அர்த்தம்தான்: குளிரைத் தடுக்க. மன்னவனூர் போய், நாற்பது ஆட்டு ரோமத்தை அடைத்துத் தைத்த மெத்தையோடு பஸ் ஏறினேன். நாற்பத்திரண்டு என்றும் சொல்லலாம்.

பழனி வெக்கையில் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு நின்ற தங்கச்சி அதைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, என்னய அவிச்சு எடுக்கவா வந்தீங்க? மூணு வாரமாக் கண்ணு மூடல. உங்களோடயே ஊருக்கு வந்துடுறேன்."

உங்கள் முகம் செத்துப்போனது. நீங்கள் கேட்டது குளிர்ச்சிக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒப்புக்கொள்வேனா? "பிளாஸ்க்குல ஐஸ் உருகுதா மாப்பிள்ளை? கம்பளியும் அதே சயின்ஸ்தான்" என்றேன். எட்டாவது வரை படித்தவன் பேச்சு. உங்கள் அம்மாகூடத் தலையாட்டினார். நீங்களும் சிரிக்காமல் "ஆமாங்க மச்சான்" என்றீர்கள்.

மறுநாள் நான் வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை, அவள் உடம்புச் சூட்டை அவளுக்கே திருப்பிக் கொடுத்தது. அதற்கடுத்த ரப்பர் மெத்தை முதுகோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது. நாலாம் நாள் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். மத்தியானம் பஸ்.

நீங்கள் கயிற்றுக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்தீர்கள். மேலே கோரைப்பாய், அதன்மேல் துவைத்துத் துவைத்து மெலிந்த உங்கள் நூல் வேட்டி. "அடியிலயும் காத்து போகணும் மச்சான்" என்று என் காதில் மட்டும் சொன்னீர்கள். அவளிடம், "பஸ்ஸு வர்ற வரைக்கும் சும்மா சாஞ்சிரு."

பஸ் வந்தது, போனது. அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். காப்பி நேரத்துக்கு எழுந்தவள், "அண்ணே, வெரசாக் கெளம்புங்க, அடுத்த பஸ்ஸப் பிடிக்கலாம்" என்றாள்.

"அப்ப நீ?"

"எனக்கு இங்க சோலி கெடக்கு."

இது யார் யோசனை என்று உங்கள் அம்மா கேட்டபோது, கூசாமல் "மச்சான் யோசனை" என்றீர்கள். அந்தப் பெருமையை நான் மலையில் அடுக்கம் கிராமம் வரைக்கும் கொண்டுபோய் அளந்தேன், நாற்பது வருஷம்.

நேற்றுக் கடையில் உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். "அது உங்க அப்பா யோசனைம்மா."

அவள் பாயைத் தடவிப் பார்த்தாள். "அப்பா சொன்னதே இல்லையே மாமா."

"அவர் சொல்ல மாட்டாரும்மா."

ஜெயித்ததைத் தோற்றவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும் அந்தக் குணத்தில் எனக்குப் பாதிதான் வந்திருக்கிறது. மீதியும் வந்துவிடும், மாப்பிள்ளை. எனக்கு என்ன வயசாகிவிட்டது!