மௌராவில் எங்கே சாப்பிடுவது?

மௌரா,
10 நவம்பர் 1985

அன்பு எர்மெலிந்தா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்த ஆள் லிஸ்பன் வரைக்கும் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். நீ பக்கத்தில் இல்லாத குறையே தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, சும்மா சீண்டினேன்.

இந்த எண்ணெய் ஆலைக்கு நான் வருவது இது நாலாவது குளிர்காலம். ஆனாலும் இயந்திரங்கள் என்னைப் பார்த்ததும் புதுசாக ஏதாவது நோவைச் சொல்கின்றன. ஒலிவக் காய் வண்டி வண்டியாக வந்து குவிகிறது. முதுகு வலி அப்படியே இருக்கிறது.

சாப்பாடுதான் பெரும்பாடு. இந்தத் தெற்கத்திக்காரர்களுக்குக் கொத்தமல்லி இல்லாமல் கை ஓடாது. காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, பூண்டையும் மல்லியையும் இடித்து, எண்ணெயும் வெந்நீரும் ஊற்றி, மேலே ஒரு முட்டையை மிதக்கவிட்டால் அதுதான் ரொட்டிச் சூப். மீனிலும் மல்லி, ஆட்டிலும் மல்லி. எனக்கு அது மூட்டைப்பூச்சியை நசுக்கிய வாடை என்பது உனக்குத் தெரியும். நம்மூர் பார்ஸ்லிக் கீரை இந்தப் பக்கம் மருந்துக்கும் கிடையாது. கிணற்றடிப் பாத்தியிலிருந்து கொஞ்சம் விதை எடுத்து அனுப்பு. கொடுத்தால் எனக்கென்று தனியாகப் போட்டுத் தருவார்கள்.

பன்றிக்குப் பூசணி போதுமா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுகிறேன். நான் வராமல் வெட்டிவிடாதே.

உன் டெல்ஃபிம்


போந்த் தெ லீமா,
24 நவம்பர் 1985

அன்புள்ள டெல்ஃபிமுக்கு,

நானும் பன்றியும் நன்றாக இருக்கிறோம். பன்றி என்னைவிடக் கொஞ்சம் கூடவே நன்றாக இருக்கிறது. அதற்குத் தனியாகச் சாப்பிடும் கவலை கிடையாது.

இந்த உறைக்குள்ளேயே விதை வைத்திருக்கிறேன். முளைக்க மாசக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டுக் கிளறக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். யாரிடம் சொல்வீர்கள்? எந்தக் கடையில் கொடுக்கப்போகிறீர்கள்? அதை எழுதவில்லையே.

ஒரு சேதி. ஈஸ்டர் முடிந்து வரும் சனிக்கிழமையை ஒட்டி நம் பங்குக் கோயில் பெண்கள் தெற்கே பஸ்ஸில் சுற்றுலா வருகிறோம். போன தடவை வழியில் யாரோ சொன்ன கடையில் இறங்கி, டப்பா மீனைச் சூடுபண்ணிக் கொடுத்ததைத் தின்று, மூன்று பேர் வரும் வழியெல்லாம் வாந்தி எடுத்தார்கள். அதனால் சாமியார் சாப்பாட்டுப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். "உன் புருஷன் அங்கதானேம்மா குடித்தனம் நடத்துறான், அவனைக் கேளு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

எந்த ஊரில், எந்தக் கடையில், என்ன சாப்பிட வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். அந்தந்த ஊர்ச் சாப்பாடாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
எர்மெலிந்தா


மௌரா,
12 ஜனவரி 1986

அன்பு எர்மெலிந்தா,

கிறிஸ்துமஸ் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. நீ கட்டிக்கொடுத்த பன்றி வறுவல் வழியிலேயே காலி.

கேட்டதை எழுதுகிறேன். நாற்பது பெண்களைச் சாப்பிட வைப்பது ஆலை ஓட்டுவதைவிடக் கஷ்டம், அதனால் கவனமாகப் படி. அல்மெய்ரிமில் கல் சூப். காளைச் சண்டை வளாகத்தைச் சுற்றி வரிசையாகக் கடைகள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிறவன் கடைக்குப் போகாதே, லாரி நிற்கிற கடைக்குப் போ. பீன்ஸ், பன்றிக் காது, தொத்திறைச்சி எல்லாம் போட்டுக் கரண்டி நிற்கிற கெட்டியில் இருக்கும். பானையில் கல் உண்மையாகவே கிடக்கும், உங்கள் கூட்டத்துப் பெல்மிரா பல்லை உடைத்துக்கொள்ளப்போகிறாள்.

பேஜாவில் சந்தைக்குப் பின்னால் ஒரு கடை. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் மணி கோத்த திரை தொங்கும். ஆட்டுக் குழம்பை ரொட்டி மேல் ஊற்றித் தருவார்கள். வியாழக்கிழமை மட்டும்தான் அது. மற்ற நாளில் கேட்டால் முறைப்பார்கள். செர்பாவில் சாப்பாடு சுமார், பாலாடைக்கட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டு. எவோராவில் குழாயடிச் சந்துக்குள் ஓர் அம்மாள் நடத்தும் கடை: பன்றி இறைச்சியும் அதன் கொழுப்பில் புரட்டிய ரொட்டிப் பிசிறும். கேட்காமலே மேஜையில் ஒலிவும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைப்பாள். தொட்டால் காசு. எல்லாரிடமும் முன்னாலேயே சொல்லி வை.

இவ்வளவு போதும். மௌராப் பக்கம் வர வேண்டாம். ரோடு மோசம், பார்க்கவும் ஒன்றுமில்லை.

உன் டெல்ஃபிம்


போந்த் தெ லீமா,
2 பிப்ரவரி 1986

அன்புள்ள டெல்ஃபிமுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. பெல்மிரா மட்டும் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. "ஏண்டி, ஒரு நாள் போன ஊர்ல எல்லாம் கடை தெரிஞ்சிருக்கு. நாலு வருஷமா குந்தியிருக்கிற ஊர்ல ஒரு கடைகூடத் தெரியலையா உன் ஆளுக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் கேட்டது சரிதான்.

மௌராவில் எங்கே சாப்பிடுகிறீர்கள்?

கிறிஸ்துமஸுக்குக் கேட்டபோது, ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன் என்றீர்கள். அப்படியானால் உங்கள் கால்சட்டையை ஏன் நான் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது? விதையை எந்தக் கடையில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. இன்னொன்று. காய் அரைப்பது ஜனவரியோடு முடிந்துவிடும் என்று இங்கே பால் வண்டிக்காரருக்குக்கூடத் தெரிகிறது. உங்களுக்கு மட்டும் ஏப்ரல் வரைக்கும் என்ன வேலை?

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, கேட்டுவிட்டேன்.

எர்மெலிந்தா


மௌரா,
23 பிப்ரவரி 1986

எர்மெலிந்தா,

உன் கடிதம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. பத்தொன்பது வருஷக் கல்யாணத்தை ஒரு கால்சட்டையை வைத்து அளக்கிறாய். பெல்மிராவுக்குப் புருஷன் நிலைக்கவில்லை, அதனால் ஊரில் யாருக்கும் நிலைக்கக் கூடாது அவளுக்கு.

சீசன் முடிந்த பிறகுதான் இயந்திரங்களைப் பிரித்துக் கழுவிப் பூட்ட முடியும். இதைக்கூட நான் விளக்க வேண்டியிருக்கிறது. சாப்பாடு அங்கே இங்கே என்று ஆகிறது. ஒரு நாள் ஒரு கடை, ஒரு நாள் இன்னொன்று. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றால் எனக்குத்தான் தலைக்குனிவு.

சனிக்கிழமை, ஏப்ரல் ஐந்து, மதியம் நானே எவோராவுக்கு வந்துவிடுகிறேன். அந்த அம்மாள் கடையில் மேஜை சொல்லி வைத்தாயிற்று. உன்னை என் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வேண்டும். சந்தேகத்தை எல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வா.

டெல்ஃபிம்


போந்த் தெ லீமா,
16 மார்ச் 1986

அன்புள்ள டெல்ஃபிமுக்கு,

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. தவக்காலம், வெறும் வயிறு, ஏதேதோ தோன்றுகிறது. மன்னித்துவிடுங்கள்.

சனிக்கிழமை எவோராவில் பார்ப்போம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், கூட்டத்தில் தெரியும்.

விதை முளைத்ததா? நம் பாத்தியில் இந்த வருஷம் பாதி போய்விட்டது, அதனால் கேட்கிறேன்.

எர்மெலிந்தா


மௌரா,
24 மார்ச் 1986

அன்பு எர்மெலிந்தா,

இப்போதுதான் எனக்கு நிம்மதி. நீ என் பழைய எர்மெலிந்தா.

முளைத்ததாவது! ஒரு சாண் உயரத்துக்குக் கொழுகொழுவென்று நிற்கிறது. வெயில் பூமி அல்லவா. காலையில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

நீலச் சட்டையோடு நிற்பேன். ஈஸ்டர் வாழ்த்துகள்.

என்றும் உன்,
டெல்ஃபிம்


போந்த் தெ லீமா,
8 ஏப்ரல் 1986

டெல்ஃபிம்,

நீங்கள், வாருங்கள் எல்லாம் இந்தக் கடிதத்தில் வராது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எவோராவில் நாற்பது பேருக்கு மேஜை போட்டு, நீலச் சட்டையோடு சந்து முனையில் நின்றிருப்பாய். பஸ் வரவில்லை. ஒலிவையாவது தொட்டாயா? நாங்கள் வெள்ளிக்கிழமை பேஜாவில் தங்கி, சனிக்கிழமை காலையில் மௌராவுக்கு வண்டியைத் திருப்பினோம். டிரைவர் ஏன் என்று கேட்டார். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது என்றேன். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது.

போன மாசமே முடிவு செய்துவிட்டேன். காலையில் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மெக்கானிக்கை நான் கேள்விப்பட்டதில்லை. தூங்கி எழுந்த வீட்டில்தான் மனுஷன் காலையில் தண்ணீர் ஊற்றுவான்.

மௌரா சதுக்கத்திலேயே மூன்று கடைகள். வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. பெண்களை அங்கே உட்காரவைத்துவிட்டு, லாட்டரிச் சீட்டு விற்கிறவரிடம் கேட்டேன். எண்ணெய் ஆலை மெக்கானிக், வடக்கத்தி ஆள், எங்கே சாப்பிடுவார்? "அவரு எங்கேம்மா கடையில சாப்பிடறாரு? விசென்சியா வீட்டுக்குப் போங்க. சுவத்துல நீலக் கரை போட்ட வீடு" என்றார்.

போனேன். சுற்றுலா வந்த இடத்தில் வயிறு சரியில்லை, கொஞ்சம் சூப் கிடைக்குமா என்றேன். அவளுக்கு என் வயசுதான் இருக்கும். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுப்பில் இரண்டு பானை. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. பின்கதவு திறந்திருந்தது. கொல்லையில் ஒரு பக்கம் கொத்தமல்லி, இன்னொரு பக்கம் என் பார்ஸ்லி. நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, பூனை வராமல் முள் போட்டு வைத்திருந்தாள்.

"அது என்ன கீரைங்க?" என்று கேட்டேன்.

"அதுவா? எங்க டெல்ஃபிமுக்கு. அவருக்கு மல்லி வாடை ஆகாது. அவங்க அம்மா தோட்டத்து விதையாம், வடக்கேயிருந்து வந்துச்சு. முளைக்கவே மாட்டேன்னுடுச்சு. நான் தினம் போய் உட்கார்ந்து பார்ப்பேன். இப்ப அவருதான் காலையில தண்ணி ஊத்துறாரு, என்னைத் தொட விடறதில்ல."

அவருக்குக் குடும்பம் இல்லையா என்றேன்.

"இருந்துச்சு, பாவம். சம்சாரம் நாலு வருஷத்துக்கு முன்னால காய்ச்சல்ல போயிட்டாங்க. நல்ல மனுஷிதானாம். கிறிஸ்துமஸுக்குப் போய் அவங்க கல்லறையில பூ வெச்சுட்டு வருவாரு. திரும்பி வரும்போது முகமே வாடிப் போயிருக்கும். ரெண்டு நாள் நான் பேச்சே கொடுக்க மாட்டேன்."

நீ கிறிஸ்துமஸுக்கு வந்து என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டது கல்லறைத் தரிசனம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல்லறை உனக்குப் பன்றி வறுவல் கட்டிக்கொடுத்தது. கால்சட்டையைப் பிரித்துத் தைத்தது.

ஒன்று சொல்கிறேன். வந்திருந்த சந்தேகத்தில், நீ ஒருத்திக்காக மல்லி தின்னப் பழகியிருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். அதை என்னால் தாங்கியிருக்க முடியும். ஆண்பிள்ளை நாக்கு எங்கும் அலையும். ஆனால் ஒரு பெண் தன் கொல்லையில் உனக்காக மண்ணைக் கொத்தி இடம் விட்டிருக்கிறாள். அது குடித்தனம். சாமியார் சரியாகத்தான் சொன்னார். என் கையால் நான்தானே அந்த விதையை உறையில் போட்டேன்.

சூப் முழுவதையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மல்லி போட்டதுதான். முதல் இரண்டு வாய்தான் கஷ்டம்.

கிளம்பும்போது, "அடுத்த தடவை வந்தா நேரா இங்க வாங்க. உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். "அவங்க பேரும் அதுதான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பின்கதவைப் பார்த்தாள். எந்த ஊரிலிருந்து பஸ் வந்திருக்கிறது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் முட்டாள் இல்லை, டெல்ஃபிம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து நினைத்ததைவிடக் கெட்டிக்காரி.

"உட்கார்ந்ததுமே சொல்லியிருக்கலாமே?"

"சூப் ஆறிப் போயிருக்கும்" என்றேன்.

அவள் அழவில்லை. நான்தான் சதுக்கத்துக்குத் திரும்புகிற வழியில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பஸ் கிளம்பும் நேரத்துக்கு ஓடி வந்தாள், கையெல்லாம் மண். பார்ஸ்லி மொத்தத்தையும் வேரோடு பிடுங்கி ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். "இது உங்க வீட்டுது" என்றாள்.

நீ சாயங்காலம் போய்ப் பார்த்திருப்பாய்.

கிணற்றடிப் பாத்தியில் நட்டுவிட்டேன். கொஞ்சம் தலை சாய்ந்திருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். உன் சாமான்களை மூட்டையாகக் கட்டி ஸ்டேஷனில் போட்டிருக்கிறேன், எந்த முகவரிக்கு என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுது. அழுக்குச் சட்டைகளை அப்படியே வைத்திருக்கிறேன். செத்தவள் துவைக்க மாட்டாள்.

அடுத்த சுற்றுலாவுக்கு வேண்டும் என்று சாமியார் கடைகளின் பெயர் கேட்டார். போன இடங்களில் நீ எழுதியது எல்லாம் சரியாகத்தான் இருந்தது; கல் சூப்பை எல்லாரும் இன்னும் பேசுகிறார்கள். மௌராவில் எங்கே சாப்பிடுவது என்று கேட்டார். விசென்சியா வீட்டில் என்று எழுதிக் கொடுத்தேன்.

நீ இனி எவோராவில் சாப்பிட்டுக்கொள். மல்லி போடுவார்கள். முதல் இரண்டு வாய்தான் கஷ்டம்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற
எர்மெலிந்தா