நூறாவது ஜாடி

தலைநகர், அறிக்கைக் கூடம்
வெற்றி தொண்ணூற்றொன்பது, நாள் 412

என் அக்கா பெற்ற அருமைச் சுண்டெலிக்கு,

ஏழு கண்டமும் கேட்டு நடுங்கும் நம் பேரரசின் வெற்றி அறிக்கைகளை எழுதுகிற உன் மாமன், ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது. நான் நலம். நாற்காலிதான் நலமில்லை.

நீ குதிரைப்படைக்கு வைத்தியம் பார்க்கப் போன நாளில் உன் அம்மா அழுத அழுகையில் தெருவில் படகு விட்டார்கள். நான் முன்யோசனையாக இரண்டு துடுப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரே கெடுபிடி. வெற்றி மண்டபம் உனக்குத் தெரியுமே. பிடித்த ஊருக்கு ஒரு ஜாடி, ஜாடிக்குள் அந்த ஊர் மண். தொண்ணூற்றொன்பது நிறைந்தாயிற்று. நூறாவது, பதின்மூன்று மாதமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது; அது நிறைகிறவரை நம் தேதியும் தொண்ணூற்றொன்பதிலேயே ஓடுகிறது. நாளைக்குப் பேரரசர் முடிசூடிய நாள். "நாளைக்கு முரசுல நூறுன்னு கேக்கணும். கேக்கலேன்னா இந்தக் கூடத்துல தலைங்க குறையும்" என்று சொல்லிவிட்டுப் போனார் தலைமை எழுத்தர். போர்முனையிலிருந்து வந்த செய்தியோ, மூன்றாம் படை ஒரு கிணற்றையும் இரண்டு கழுதைகளையும் வீரத்தோடு கைப்பற்றியது என்பதுதான். இரண்டு கழுதையை வைத்துக் கோட்டை கட்ட உன் மாமனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வேளைக்குச் சாப்பிடு. குதிரை உதைத்தால் திருப்பி உதைக்காதே.

உன் மாமன்,
பேரரசின் பெரும்புளுகன்


எல்லைப் பாசறை
வெற்றி நூறு, நாள் 9

அன்புள்ள மாமாவுக்கு,

தேதியைப் பார்த்தீர்களா? தலைநகரில் காலையில் அடிக்கிற தேதியை மேட்டுக்கு மேடு முரசுக்காரர்கள் வாங்கி அடித்து, மதியத்துக்குள் எங்களுக்குச் சேர்த்துவிடுகிறார்கள். அன்றைக்கு "வெற்றி நூறு, நாள் ஒன்று" என்று கேட்டதும் பாசறையே ஆடியது. நானும் ஆடினேன்.

நேற்று ஆணை வந்தது. நூறாவது ஊரில் காவல் இருந்து, ஜாடிக்கு மண் அனுப்ப எங்கள் பிரிவுதான் போகிறது. தளபதி ஊர்ப் பெயரைப் படித்தார். தும்பிலாபுரி.

மாமா, ஆறு வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது என் கட்டிலுக்கு அடியில் நீங்கள் கட்டிக்கொடுத்த ஊர் அது. தலையணை மதில். நொண்டிப் பூனை ராஜா. பாலைக்கு அப்பால், சூரியன் படுக்கப் போகிற பக்கம் என்பீர்கள். ஆணையிலும் அதே பக்கம்தான் போட்டிருக்கிறது.

வேறொரு தும்பிலாபுரி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், நூற்று நாற்பது குதிரைகள். நாளை மறுநாள் புறப்பாடு. பதிலை நெட்டைத் தபால்காரரிடம் மட்டும் கொடுங்கள். அவர் ஒட்டகம் நாலு நாளில் வந்துவிடும். மற்றவர்கள் பிரித்துப் படிக்கிறார்கள்.

உங்கள் மருமகள்


அறிக்கைக் கூடம்
வெற்றி நூறு, நாள் 13

சுண்டெலிக்கு,

வேறொரு தும்பிலாபுரி இல்லை.

விடிந்தால் அறிக்கை, கையில் பெயர் இல்லை. இருக்கிற ஊரின் பெயரைப் போட்டால் அந்த ஊர்க்காரன் வந்து நின்று நியாயம் கேட்பான். இல்லாத ஊருக்கு யார் வந்து நிற்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். படை போய் நிற்கும் என்று நினைக்கவில்லை. அது உன் படையாக இருக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மார்பில் எட்டு யானைகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்பதாவது இடம் கேட்கிறது.

ஒரு வழி உண்டு. போகிற வழியில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பையில் கட்டி அனுப்பிவிட்டுத் திரும்புங்கள். மண்ணின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியா இருக்கிறது?

நானே போய் உண்மையைச் சொல்லலாம்தான். பொய்வெற்றி எழுதினவனுக்கு என்ன தண்டனை தெரியுமா? காலி ஜாடியைக் கழுத்தில் கட்டி, மண்டபத்தில் அந்த ஜாடியின் இடத்திலேயே நிறுத்திவைப்பார்கள். காலையிலிருந்து மாலைவரை. தினமும். உண்மையாகவே ஒரு நூறாவது ஊர் விழுகிறவரை. என் முட்டி உனக்குத் தெரியும், மாடிப்படியைக் கண்டாலே கும்பிடு போடும். முதலில் மண்ணை முயன்று பார், கண்ணு.

உன் மாமன்


பாலை
வெற்றி நூறு, நாள் 24

அன்புள்ள மாமாவுக்கு,

மண் யோசனையை நானே யோசித்தது மாதிரி தளபதியிடம் சொன்னேன். அவர் நேர்மையான மனிதர். அதுதான் தொல்லை.

"வாசல்ல நின்னுதாம்மா மண் எடுக்கணும். வாசல் எங்க?" என்றார்.

"ஊரே இல்லேன்னா?"

"ஆணைல இருக்கே. ஆணைல இருக்கறது தரைல இல்லாம எங்க போயிடும்?"

இங்கேயே கூடாரம் அடித்து, நாலு திசைக்கும் ஆள் விட்டு வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கடைசிக் கிணறு மூன்று நாள் நடைக்குப் பின்னால். கையில் அளந்து குடித்தால் எட்டு நாள் தண்ணீர். ஐந்தாம் நாள் திரும்பிவிட வேண்டும். ஆறாம் நாள் திரும்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். குதிரைகளின் ஈறு காய்ந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் நிறம் திரும்ப நேரமாகிறது. நேற்று ஒன்று படுத்தது. எழுந்திருக்கவில்லை.

நான் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. உங்கள் முட்டியை எனக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மருமகள்


அறிக்கைக் கூடம்
வெற்றி நூறு, நாள் 28

சுண்டெலிக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. தலைமை எழுத்தரைப் பார்க்கப் போகிறேன்.

என் முட்டிக்காக யாரும் அவசரப்பட்டு ஓர் ஊரைப் பிடிக்க வேண்டாம். அங்கேயும் கட்டில்கள் இருக்கும்.

குதிரைக்குக் கொடுக்கும்போது நீயும் ஒரு வாய் குடி.

மாமா


கடைசிக் கிணறு
வெற்றி தொண்ணூற்றொன்பது, நாள் 446

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்தாம் நாள் மதிய முரசு "தொண்ணூற்றொன்பது, நானூற்று நாற்பத்தொன்று" என்று அடித்தது. முரசுக்காரர் குடித்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த மேட்டுக்காரரும் அதையே அடித்தார். தளபதி விரல்விட்டு இரண்டு தரம் எண்ணினார். பிறகு தன் குதிரையைத் திருப்பினார். மேலும் நாலு குதிரைகள் போய்விட்டன. ஆட்கள் எல்லோரும் வந்து சேர்ந்தோம்.

நேற்று நெட்டைத் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். மண்டபத்தில் உங்களைப் பார்த்தாராம். "பேச விடலம்மா. ஆனா என்னப் பாத்து ஒத்தக் கண்ண அடிச்சாரு" என்றார். ஜாடி பெரிதா சிறிதா என்று கேட்டேன். அதற்கு அவர் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது, மாமா. நாற்பது வீடு, ஒரே வாசல். போகும்போது எங்களில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஊர். தண்ணீர் இறைக்கக் கயிறும் தொட்டியும் அவர்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று காலையில் தளபதி அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெறுங்கையோட எப்படிம்மா போறது? சின்ன நூறுன்னாலும் நூறுதானே" என்றார்.

எனக்கு உங்கள் முட்டி ஞாபகம் வந்தது. ஒரு மணி நேர வேலை. ஒரு பிடி மண். அந்தி சாய்வதற்குள் முரசு கிளம்பினால் நாளைக்கே உங்கள் கழுத்திலிருந்து ஜாடியை அவிழ்த்துவிடுவார்கள்.

அந்த ஊர்க் கால்நடைகளுக்குக் கொடிய நோய் என்று சொன்னேன். வாசலைத் தாண்டிய குதிரைக்கு மூன்றாம் நாள் நாக்கு நீலமாகும், ஐந்தாம் நாள் வால் கழன்று விழும், ஏழாம் நாள் மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதேபோல் ஆரம்பிக்கும் என்றேன். "அவருக்கு வால் ஏதும்மா?" என்று கேட்டார். "முதல்ல முளைக்கும், அப்புறம் கழலும்" என்றேன். அவர் நேர்மையான மனிதர். நம்பிவிட்டார். இன்று மாலையே கிளம்புகிறோம்.

அதனால் நீங்கள் இன்னும் நிற்க வேண்டியிருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். மதியம் முரசு கேட்கும்போதெல்லாம் எண்ணுகிறேன். நானூற்று நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. எண் ஏறுகிறவரை இந்த வீடுகள் நிற்கின்றன, நீங்களும் நிற்கிறீர்கள். ஏறினாலும் பயமாக இருக்கிறது, எங்கே நின்றுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

சேணத்துக்கு அடியில் விரிக்கிற துணி ஒன்றை மடித்து அனுப்பியிருக்கிறேன். ஜாடிக் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தரம் துவைத்தேன், குதிரை வாடை போகவில்லை.

உங்கள் மருமகள்,
பேரரசின் சிறுபுளுகி